சட்டம் வருமுன்: செயற்கை நுண்ணறிவுச் சட்ட ஆய்வாளரின் பணி

புனே நகரின் வடமேற்கில், முளா ஆற்றை ஒட்டி இருக்கிறது ஔந்த். அதன் ஒரு பக்கம் கணேஷ்கிந்தில் 1949இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இன்று சாவித்ரிபாய் புலே பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988இல் உருவாகி 1991இல் ‘பரம் 8000’ மீக்கணினியை நாட்டுக்குத் தந்த சி-டாக் நிறுவனம் அந்த வளாகத்தில்தான் வளர்ந்தது. மறுபக்கம் ஹிஞ்சவடி மென்பொருள் பூங்கா. அறிவை உண்டாக்கும் இடத்துக்கும் அதை விற்கும் இடத்துக்கும் நடுவே மக்கள் குடியிருக்கும் பகுதி ஔந்த்.

2016 ஜனவரியில் மத்திய அரசு முதல் இருபது ‘ஸ்மார்ட் சிட்டி’களை அறிவித்தபோது புனே இரண்டாம் இடம் பெற்றது. முன்மாதிரியாக முதலில் மாற்றியமைக்க நகரம் தேர்ந்தெடுத்த பகுதி ஔந்த்-பாணேர்-பாலேவாடி. அதே ஆண்டு மார்ச்சில் இதற்கெனத் தனி நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவானது. ஜூன் 25 அன்று பிரதமர் பாலேவாடியில் திட்டங்களைத் தொடங்கிவைத்தார். நடைபாதைகள் அகலமாயின. தெருக்களில் வைஃபை, அவசர அழைப்புப் பெட்டிகள், காற்றின் தரத்தை அளக்கும் கருவிகள், மின்னணுத் தகவல் பலகைகள் வந்தன. 2010இல் புனேயின் ஜெர்மன் பேக்கரியில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு விரிந்துகொண்டிருந்த கேமரா வலை வேறு. வாகன நெரிசலைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னல்களும் பின்னால் சேர்ந்தன.

இவ்வளவும் நடந்தபோது சட்டப் புத்தகத்தில் என்ன இருந்தது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24இல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023 ஆகஸ்ட்டில். அதன் விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். ஸ்மார்ட் சிட்டி திட்டமே 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. தெரு தன் தரவைத் தரத் தொடங்கி, திட்டமும் முடிந்த பிறகுதான் அந்தத் தரவுக்கான விதிகள் வந்தன.

இந்த இடைவெளியில் கேள்வி கேட்பது யார் வேலை? கேமரா பதிவு எத்தனை நாள் இருக்கும், எந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கும், காவல்துறைக்கு எந்த உத்தரவின் பேரில் போகும், தவறாக அடையாளம் காணப்பட்டவர் எங்கே முறையிடலாம் என்று கேட்டு, பதிலைச் சட்டத்தின் மொழியில் எழுதிவைப்பது யார்? செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் கொள்கையும் என்ற துறையில் ஆய்வு செய்து வாழ முடிவெடுப்பவரின் பணி இதுதான் என்பது என் வாதம். ஆனால் நம் பல்கலைக்கழக முறை அவரை இந்த வேலையிலிருந்து விலக்கி வேறெங்கோ கொண்டுபோகிறது. அதைச் சரிசெய்யாமல் நல்ல சட்டத்தை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு ஊற்றுகள்

இந்தத் துறைக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. ஒன்று, சட்டத்தை இயந்திரத்துக்குள் கொண்டுபோகும் முயற்சி. 1986இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி முதலியோர் பிரிட்டனின் குடியுரிமைச் சட்டத்தைத் தர்க்க நிரலாக எழுதிக் காட்டினார்கள். ஒருவரின் பிறப்பு, பெற்றோர் விவரங்களைக் கொடுத்தால் அவர் குடிமகனா என்று நிரல் சொல்லும். மறு ஆண்டே செயற்கை நுண்ணறிவும் சட்டமும் பற்றிய முதல் பன்னாட்டு மாநாடு பாஸ்டனில் கூடியது. இந்த மரபில் வந்தவர்கள் பெரும்பாலும் கணினியியலாளர்கள், தர்க்கவியலாளர்கள்.

மற்றொன்று, இயந்திரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சி. செயற்கை நுண்ணறிவுக்குச் சட்ட ஆளுமை தர முடியுமா என்று லாரன்ஸ் சோலம் 1992இலேயே கட்டுரை எழுதினார். 1996இல் அமெரிக்க நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக், இணையச் சட்டம் என்று தனித்துறை வேண்டியதில்லை என்று வாதிட்டார். குதிரை விற்பனைக்கும் குதிரை உதைத்த வழக்குக்கும் பொதுச் சட்டமே போதும், ‘குதிரைச் சட்டம்’ என்று ஒரு பாடம் எதற்கு என்பது அவர் கேள்வி. 1999இல் லாரன்ஸ் லெஸிக் பதில் எழுதினார். கணினி நிரலே மனித நடத்தையைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் நிரலைப் புரிந்துகொள்ளாமல் அங்கே சட்டம் செயல்பட முடியாது என்றார்.

இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் லெஸிக்கின் பக்கம் நின்று, 113 பிரிவுகள் கொண்ட தனிச் சட்டத்தை இயற்றியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று அது அமலுக்கு வந்தது. பொது இடங்களில் முகத்தை உடனுக்குடன் அடையாளம் காணும் முறையைக் காவல்துறை பயன்படுத்துவதற்கு அது கடுமையான வரம்பு வைக்கிறது. இந்தியா வேறு வழியில் போகிறது. 2025 நவம்பரில் வெளியான தேசிய ஆளுகை வழிகாட்டுதல்கள், தனிச் சட்டம் இப்போது தேவையில்லை, இருக்கும் சட்டங்களைக் கொண்டே பெரும்பகுதியைச் சமாளிக்கலாம் என்கின்றன.

இருக்கும் சட்டங்கள் போதும் என்றால், அவை எங்கெங்கே போதும், எங்கெங்கே போதாது என்று பிரிவு பிரிவாகச் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். தனிச் சட்டம் கொண்டுவரும் நாட்டைவிடக் கொண்டுவராத நாட்டுக்குத்தான் சட்ட ஆய்வாளர்கள் அதிகம் தேவை.

வாசலில் உள்ள தடைகள்

அந்த ஆட்கள் எப்படி உருவாகிறார்கள்? சட்டப் பட்டம், முதுகலை, பிறகு நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள். அதன் பிறகு உதவிப் பேராசிரியர் பணிக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் அந்த நிரந்தர இடம் எளிதில் கிடைப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் சி.எச்.பி. என்பார்கள், எடுத்த பாடவேளைகளை எண்ணி மணிக்கணக்கில் சம்பளம். அப்படி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்துபவர்கள் ஏராளம். ஔந்திலிருந்து ஹிஞ்சவடி போகும் பேருந்தில் ஏறினால் அதே இளைஞருக்கு ஒரு நிறுவனத்தின் தரவு இணக்கப் பிரிவில் இதைவிட நல்ல சம்பளம் கிடைக்கும். நல்ல மாணவர்கள் அங்கே போவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆய்வை வாழ்க்கையாக ஏற்க வழி வைக்காத முறையைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தடை துறைச்சுவர். சட்டத்துறையில் பாடம் நடத்தச் சட்ட முதுகலை வேண்டும். கணினியியல் படித்தவர் அந்த வாசலில் நிற்க முடியாது. சட்டம் படித்தவர் கணினித்துறையில் ஓர் ஆய்வு மாணவரைக்கூட எடுக்க முடியாது. ஐஐடி காரக்பூர் 2006இல் தன் வளாகத்திலேயே அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளியைத் தொடங்கியது, தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் 2013இல் தகவல்தொடர்பு ஆளுகை மையம் உருவானது போன்ற முயற்சிகள் விதிவிலக்குகள். அந்த மையத்தின் நிறுவன இயக்குநர் சின்மயி அருண் பிறகு யேல் சட்டப்பள்ளியின் தகவல் சமூகத் திட்டத்தின் செயல் இயக்குநரானார். தென்னுலக நாடுகளின் பார்வையில் செயற்கை நுண்ணறிவு பற்றி அவர் எழுதிய கட்டுரை, 2020இல் வந்த ஆக்ஸ்போர்டு நெறிமுறைக் கையேட்டில் இடம்பெற்றது. வெளிநாட்டில் உருவாகும் தொழில்நுட்பம் வேறு சமூகங்களில் இறங்கும்போது என்ன ஆகிறது என்ற கேள்வியை அவர் எழுப்பினார். அப்படிப்பட்டவர்கள் இங்கே பத்துப் பேருக்குப் பதில் நூறு பேராக வளர என்ன செய்திருக்கிறோம் என்பதுதான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

மூன்றாவது தடை, எதை எண்ணுகிறோம் என்பது. ஆசிரியரின் உயர்வு அவர் வெளியிட்ட கட்டுரைகளைப் பொறுத்தது. கட்டுரை எண்ணிக்கைக்கு மதிப்பு வந்ததும் பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. பல்கலைக்கழக மானியக்குழு (யுஜிசி) ஏற்ற பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களைப் புனே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, அவற்றில் பெரும்பகுதி அடிப்படைத் தகுதியே இல்லாதவை என்று 2018இல் வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக ‘கேர்’ என்ற புதிய இதழ்ப் பட்டியலைப் பராமரிக்கும் பொறுப்பு அதே பல்கலைக்கழகத்தின் பதிப்பு நெறிமுறை மையத்துக்கு வந்தது. நாடு முழுதும் ஆசிரியர்களின் எழுத்தை அளந்த கோல் ஔந்துக்கு அடுத்த வளாகத்தில்தான் இருந்தது. 2025இல் யுஜிசி அந்தப் பட்டியலையும் கைவிட்டு, தரத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்யட்டும் என்றது.

கோல் மாறினாலும் குறை மாறவில்லை. நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பிய கருத்துரை, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணங்களின் ஆய்வு, மராத்தியிலோ தமிழிலோ மக்களுக்கு எழுதிய விளக்கம் எதற்கும் உயர்வில் பெரிய மதிப்பில்லை. ஐரோப்பியச் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விரிவுரை எழுதி வெளிநாட்டு இதழில் அச்சிட்டால் மதிப்பு உண்டு. அதனால் புத்திசாலி மாணவர் பிரஸ்ஸல்ஸைப் பார்த்து எழுதுகிறார். தன் வீட்டு வாசலில் உள்ள கேமராவைப் பார்ப்பதில்லை.

நீதிமன்றம், குழு, களம்

இந்தத் தடைகளைத் தாண்டி வந்தவர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. முதலில் நீதிமன்றம். முழுநேரச் சம்பளம் வாங்கும் சட்ட ஆசிரியர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வழக்கறிஞர்தான் நாளுக்கு மூன்று மணிநேரத்துக்கு மிகாமல் பாடம் நடத்தலாம் என்று 1979ஆம் ஆண்டு விதி அனுமதிக்கிறது. ஆகவே பேராசிரியரின் குரல் நீதிமன்றத்தில் நேராக ஒலிப்பது அரிது. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது தொடுத்த வழக்கில் அது ஒலித்தது. 2024 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் நான்கு கேள்விகளை வகுத்தது. பயிற்சிக்காகச் செய்திகளைச் சேமிப்பது பதிப்புரிமை மீறலா, அவற்றைக் கொண்டு பதில் உருவாக்குவது மீறலா, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருமா, வழங்கிகள் அமெரிக்காவில் இருக்கும்போது இங்கே விசாரிக்கலாமா? நீதிமன்றத்துக்கு உதவ இருவர் நியமிக்கப்பட்டார்கள். ஒருவர் வழக்கறிஞர் ஆதர்ஷ் ராமானுஜன். மற்றவர் கல்வியாளர், பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளியின் அருள் ஜார்ஜ் ஸ்காரியா. இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். பயிற்சி மீறலா என்பதில் வேறுபட்டார்கள்.

இந்த வேறுபாடு மிகவும் பயனுள்ளது. அமெரிக்கச் சட்டத்தின் நியாயப் பயன்பாடு நெகிழ்வான அளவுகோல்களைக் கொண்டது. நம் 52ஆம் பிரிவோ தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று விலக்குகளைப் பட்டியலிடுகிறது. கலிஃபோர்னியாவில் வென்ற வாதத்தை அப்படியே தில்லிக்குக் கொண்டுவர முடியாது. இந்திய விதியை இந்தியத் தேவையோடு சேர்த்துப் பல ஆண்டுகள் படித்தவரால்தான் இங்கே வழிகாட்ட முடியும். வழக்கு நடக்கும்போதே, பயிற்சிக்குக் கட்டாய உரிமம் கொடுத்து, படைப்பாளிகளுக்கு உரிமத்தொகை வாங்கித் தரலாம் என்ற யோசனையை மத்திய வணிக அமைச்சகத்தின் ஆய்வறிக்கை 2025 டிசம்பரில் முன்வைத்தது. எழுத்தாளர், இசையமைப்பாளர், செய்தியாளர் ஆகியோரின் வருமானம் அந்தத் தாள்களில் தீர்மானமாகிறது.

இரண்டாவது, அரசின் குழுக்கள். இங்கே சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 2017இல் மத்திய வணிக அமைச்சகம் அமைத்த செயற்கை நுண்ணறிவுப் பணிக்குழுவுக்கு ஐஐடி மெட்ராஸின் வி. காமகோடி தலைமை தாங்கினார். 2025இன் தேசிய ஆளுகை வழிகாட்டுதல்களை எழுதிய குழுவுக்கு அதே நிறுவனத்தின் பி. ரவீந்திரன் தலைவர். அங்கே 2023இல் பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கான மையமும் உருவானது. கணினியியல் பேராசிரியர்கள் முன்வந்து பொறுப்பேற்றது பெருமைக்குரியது. அதே வலுவோடு சட்டத்துறையும் பக்கத்தில் அமர வேண்டும். சட்டத்தின் கண் இல்லாமல் அவசரத்தில் எழுதும் உத்தரவு எவ்வளவு நாள் நிற்கும் என்பதை 2024 மார்ச் காட்டியது. முழுதும் சோதிக்கப்படாத மாதிரிகளை வெளியிட அரசின் அனுமதி வேண்டும் என்று மார்ச் 1 அன்று ஓர் அறிவுரை வந்தது; அந்த நிபந்தனை மார்ச் 15க்குள் நீங்கிவிட்டது.

மூன்றாவது, களம். மக்கள் நேரடியாக அடிபடும் இடம் இதுதான். தெலங்கானாவில் ‘சமக்ர வேதிகா’ என்ற முறை பல துறைகளின் தரவுகளை இணைத்து, யாருக்கு நலத்திட்டம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்க உதவியது. ரேஷன் அட்டைகள் பெருமளவில் நீக்கப்பட்டன. ஹைதராபாத் சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.க்யூ. மசூத் வழக்குத் தொடுத்தார். நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முக அடையாள முறையை எதிர்த்தும் அவரே வழக்குப் போட்டார். ஆதார் விஷயத்தில் முதல் ஆண்டுகளிலிருந்தே எச்சரித்து எழுதியவர்களில் முக்கியமானவர் உஷா ராமநாதன்; எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராத சுதந்திரச் சட்ட ஆய்வாளர். களத்தின் கேள்விகளை முதலில் எடுத்தவர்கள் செயற்பாட்டாளர்களும் செய்தியாளர்களும் தனி ஆய்வாளர்களும்தான். சம்பளமும் நூலகமும் மாணவர்களும் உள்ள சட்டத்துறைகள் அவர்களுக்குப் பின்னால் வந்தன.

தாளில் உள்ளதைத் தேடிப் போவது

தமிழ்நாடு 2020இல் பாதுகாப்பான, நெறிசார் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் இத்தகைய முறையை மக்களிடம் கொண்டுபோகுமுன் அதைச் சோதிக்க ‘டீப்-மேக்ஸ்’ என்ற மதிப்பெண் அட்டையை அது வகுத்தது. பன்முகத்தன்மை, சமத்துவம், நெறிமுறை, தனியுரிமை, தவறான பயன்பாட்டைத் தடுத்தல், தணிக்கைக்கு உட்படுதல், வெவ்வேறு நிலப்பகுதிகளுக்கும் சமூகங்களுக்கும் பொருந்துதல் ஆகியவை அதன் அளவுகோல்கள். ஒரு மாநில அரசு இவ்வளவு முன்னதாக இப்படி யோசித்தது பாராட்டத்தக்கது. எந்தத் துறை எந்த முறைக்கு எத்தனை மதிப்பெண் போட்டது, யார் போட்டார்கள், குறைந்த மதிப்பெண் வாங்கியது நிறுத்தப்பட்டதா என்று ஒரு சட்ட மாணவர் துறை துறையாகக் கேட்டு எழுதினால், அது முதல்தர முனைவர் ஆய்வு. இயக்கத்தில் உள்ள கொள்கையைத் தாளோடு ஒப்பிடுவதைவிட அரசுக்கும் மக்களுக்கும் உதவும் ஆய்வு வேறில்லை.

இதற்கு முக்கியக் கருவி தகவல் உரிமைச் சட்டம். தமிழ்நாடு 1997இலேயே, நாட்டிலேயே முதல் மாநிலமாக, அப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிரம் 2002இல் வலுவான சட்டம் இயற்றியது. 2005இல் தேசியச் சட்டம் வந்தது. அதில் தனிப்பட்ட தகவல்களுக்கான 8(1)(ஜே) பிரிவு, பொதுநலன் இருந்தால் தகவல் தரலாம் என்று இடம் விட்டிருந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வாசகத்தைச் சுருக்கிவிட்டது. 2025 நவம்பர் முதல் அது அமலில் உள்ளது. பொதுநலனுக்கான பொதுவான 8(2) பிரிவு இருக்கிறது என்பது அரசின் பதில். நடைமுறையில் தகவல் அலுவலர் எந்தப் பிரிவைக் கையில் எடுப்பார் என்பதை இனி கவனித்து ஆவணப்படுத்துவதும் இந்தத் துறையின் வேலையே. பயனாளிகளின் பட்டியல் தனியுரிமையின் பெயரால் மூடப்பட்டால், அந்தப் பட்டியலை உண்டாக்கிய நிரலின் பிழையும் சேர்ந்து மூடப்படும்.

யாருடைய பணம்

இன்னொரு கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. இந்த ஆய்வுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மென்பொருள் நிறுவனங்களின் நன்கொடையில் மாநாடுகள், மையங்கள், ஆய்வு உதவித்தொகைகள் நடக்கின்றன. 2020 டிசம்பரில் கூகுளின் நெறிமுறை ஆய்வுக் குழுவின் இணைத்தலைவர் டிம்னிட் கெப்ரு வேலையை இழந்தார். தன்னை நீக்கினார்கள் என்று அவர் சொன்னார். விலகலை ஏற்றோம் என்று நிறுவனம் சொன்னது. பெரும் மொழி மாதிரிகளின் ஆபத்துகள் பற்றிய ஒரு கட்டுரைதான் மோதலின் மையம். தன்னை ஆய்வு செய்யத் தானே சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு எந்த இடத்தில் முறியும் என்பதை அந்த நிகழ்வு உலகுக்குக் காட்டியது. அரசுப் பணத்துக்கும் இதே எல்லை உண்டு. அரசே இங்கு பெரிய பயனாளர். ஒரே கையை நம்பாமல் பல இடங்களிலிருந்து பணம் வாங்குவதும், ஒவ்வொரு கட்டுரையிலும் அதை வெளிப்படையாகச் சொல்வதும், கருத்துக்காக ஆசிரியரை வேலையிலிருந்து நீக்க முடியாத நிரந்தரப் பணியும்தான் பாதுகாப்பு. அதனால்தான் மணிக்கணக்குச் சம்பளத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த பருவத்துக்கு அழைப்பார்களா என்று அஞ்சும் ஆசிரியர் மாநகராட்சி நிறுவனத்திடம் ஒப்பந்த நகலைக் கேட்கத் துணிவது கடினம்.

ஆய்வாளரின் எழுத்துக்குப் பலன் உண்டா என்று சந்தேகப்படுவோர் 2017இன் தனியுரிமைத் தீர்ப்பைப் படிக்கலாம். தனியுரிமையின் வகைகளைப் பற்றி நெதர்லாந்தின் பெர்ட்-யாப் கூப்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் உருவாக்கிய வகைப்பாட்டை அது எடுத்தாள்கிறது. நெதர்லாந்து நகரமான டில்பர்க்கில் எழுதிய ஒரு கல்விக் கட்டுரை நூற்று முப்பது கோடி மக்களின் உரிமையை விளக்க உதவியது. அடுத்த தீர்ப்பு எழுதும் நீதிபதி தேடும்போது தெலங்கானா ரேஷன் அட்டை பற்றியும், தமிழ்நாட்டின் மதிப்பெண் அட்டை பற்றியும், ஔந்தின் தெருக்கம்பங்கள் பற்றியும் அதே தரத்தில் எழுதிய கட்டுரைகள் கையில் கிடைக்க வேண்டும்.

அதற்குச் செய்யவேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. ஒரு சட்டப் பேராசிரியரும் ஒரு கணினிப் பேராசிரியரும் சேர்ந்து முனைவர் ஆய்வை வழிநடத்தப் பல்கலைக்கழகங்கள் இடம் தரட்டும். அரசுக் குழுக்களுக்கு எழுதிய கருத்துரைகளையும், ஆவணங்களைத் தேடி எழுதிய கள ஆய்வுகளையும், தாய்மொழியில் எழுதிய தரமான ஆய்வுகளையும் துறை வல்லுநர்கள் மதிப்பிட்டு, ஆசிரியர் உயர்வில் சேர்க்கட்டும். இதழ்ப் பட்டியலைக் கைவிட்ட பிறகு இதற்கான அதிகாரம் நிறுவனங்களிடமே இருக்கிறது. மக்களின் உரிமையைத் தொடும் எந்த முறையையும் வாங்குமுன் அதன் ஒப்பந்தத்தையும் சோதனை அறிக்கையையும் மாநகராட்சிகள் வெளியிடட்டும். ஒவ்வொரு சட்டக்கல்லூரியும் தன் ஊரில் ஓடும் ஒரு முறையையாவது ஆண்டுதோறும் ஆய்ந்து எழுதட்டும். புனேயில் 1924இல் தொடங்கிய ஐஎல்எஸ் சட்டக்கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையும் இதைத் தொடங்கினால், ஸ்மார்ட் சிட்டியின் முதல் சோதனைக்களமாக இருந்த ஊர் அதன் முதல் நேர்மையான கணக்கையும் எழுதிய ஊராகும்.

அடுத்த பத்தாண்டுகளில் இந்தியாவின் செயற்கை நுண்ணறிவு விதிகள், தனிச் சட்டமாகவோ தீர்ப்புகளாகவோ, எழுதப்பட்டுவிடும். அவற்றில் வரும் உதாரணங்கள் எந்த ஊருடையவை, காக்கப்படும் மனிதர் யார் என்பதெல்லாம் அதற்கு முன்பே யார் உட்கார்ந்து படித்தார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் இளைஞருக்கு என் வேண்டுகோள்: உலகின் சட்டங்களையெல்லாம் படியுங்கள், ஆய்வின் முதல் கேள்வியை உங்கள் வார்டிலிருந்து எடுங்கள்.